அண்டை வீட்டுத் தீ

உங்கள் அண்டை வீடு தீப்பற்றி எரிகிறது. தீயை அணைக்க உதவும் நீண்ட ரப்பர் குழாய் உங்களிடம் இருக்கிறது. அண்டை வீட்டுக்காரரிடம் இல்லை. அவர் பதறியடித்து ஓடி வந்து குழாயைக் கேட்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் குழாயின் விலையைக் கேட்பீர்களா? எரிவது என் வீடு இல்லையே என்று கதவைச் சாத்திக்கொள்வீர்களா?

1940ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்க அதிபர் ஒருவர் செய்தியாளர்களிடம் இந்த எடுத்துக்காட்டைத்தான் கூறினார். குழாய்க்கு உரிய 15 டாலரை அவர் கேட்கப் போவதில்லை. தீ அணைந்ததும் குழாயைத் திருப்பித் தந்தால் போதும் என்பதே அவர் சொன்னதன் சாரம். அவர் பேசியது தோட்டத்துக் குழாயைப் பற்றி மட்டுமன்று. ஐரோப்பாவில் பற்றி எரிந்த போரைப் பற்றியும், வலிமை மிக்க மக்களாட்சி நாடான அமெரிக்கா அதைக் கண்டும் காணாமல் இருக்கலாமா என்பதைப் பற்றியுமே அவர் பேசினார். அந்த அதிபரின் பெயர் பிராங்கிளின் டெலனோ ரூஸ்வெல்ட்.

செல்வ வீட்டுப் பிள்ளை

ரூஸ்வெல்ட் 1882ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹைட் பார்க் எனும் ஊரில் பிறந்தார். செல்வச் செழிப்பு மிக்க குடும்பம் அது. பெற்றோர் அவரைக் கண்ணினைக் காக்கும் இமை போல வளர்த்தனர். ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்ற அவர், பின்னர்ச் சட்டமும் படித்தார். 1905ஆம் ஆண்டில் எலினோர் என்ற பெண்மணியை மணந்தார். அப்போது அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், எலினோருக்குப் பெரியப்பா முறையினர். பிராங்கிளினுக்குத் தூரத்து உறவினர்.

1910ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ரூஸ்வெல்ட் அரசியலில் அடியெடுத்து வைத்தார். 1913இல் கடற்படைத் துறையின் துணைச் செயலாளரானார். முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டான 1918இல் அவர் பிரான்சின் போர்முனைக்கு நேரில் சென்றார். சிதைந்த ஊர்களையும் காயமுற்ற வீரர்களையும் கண்டார். போர் என்பது மேடைப் பேச்சில் வரும் வீரச் சொல் அன்று என்பதை அன்றே அவர் உணர்ந்துகொண்டார்.

போருக்குப் பின், நாடுகள் தம் பிணக்குகளைப் பேசித் தீர்த்துக்கொள்ள உலக நாடுகள் சங்கம் அமைக்கப்பட்டது. அதில் அமெரிக்கா சேர வேண்டும் என்று ரூஸ்வெல்ட் வாதிட்டார். 1920இல் துணையதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோதும் அதையே வலியுறுத்தினார். ஆயினும், அமெரிக்கச் செனட் சபை அதனை ஏற்கவில்லை. தேர்தலிலும் ரூஸ்வெல்ட்டின் கட்சி படுதோல்வி கண்டது.

வீழ்ந்தும் எழுந்தவர்

அடுத்த ஆண்டே அவர் வாழ்வில் பேரிடி விழுந்தது. 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கனடாவின் கம்போபெல்லோ தீவில் குடும்பத்தாருடன் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த அவரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 39. இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. பலரும் அவருடைய அரசியல் வாழ்வு முடிந்துவிட்டதென்றே எண்ணினர்.

ரூஸ்வெல்ட் மனம் தளரவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் வாம் ஸ்பிரிங்ஸ் எனும் ஊரில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் நாள்தோறும் பயிற்சி செய்தார். கால்களில் எஃகுக் கவசங்களைப் பூட்டிக்கொண்டு, மகனின் தோளையோ கையையோ பற்றியவாறு சில அடிகள் எடுத்துவைக்கக் கற்றுக்கொண்டார். தம்மைப் போல் அந்நோயால் துன்புற்றவர்களுக்காக அங்கே ஒரு சிகிச்சை மையத்தையும் உருவாக்கினார். பிறருடைய உதவி இல்லாமல் எழுந்து நிற்க இயலாத நிலை எத்தகையது என்பதை அவர் தம் உடலாலேயே அறிந்தவர்.

1928இல் நியூயார்க் மாநில ஆளுநராகவும் 1932இல் அமெரிக்க அதிபராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பதவியேற்ற 1933இல் நாடு கடும் பொருளாதார மந்தத்தில் சிக்கித் தவித்தது. உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடப்பட்டன. ரூஸ்வெல்ட் பொதுப்பணித் திட்டங்களின் வழி வேலைவாய்ப்புகளை ஏற்படுத்தினார். முதியோருக்கு ஓய்வூதியம் வழங்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை 1935இல் கொண்டுவந்தார். அவ்வப்போது வானொலியில் மக்களிடம் நேரடியாகப் பேசினார். வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து விளக்கிச் சொல்வது போல அப்பேச்சு அமைந்திருந்தது. மக்கள் அவரை நம்பத் தொடங்கினர்.

கதவை அடைத்த நாடு

அதே காலக்கட்டத்தில் வெளியுலகில் கருமேகங்கள் சூழ்ந்தன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது. ஜப்பான் சீனாவை ஆக்கிரமித்தது. ஆனால், பெரும்பாலான அமெரிக்க மக்கள் இவற்றில் தலையிட விரும்பவில்லை.

அவர்கள் கோழைகள் அல்லர். அவர்களுக்கு அவர்களுடைய நியாயங்கள் இருந்தன. முதலாம் உலகப் போர் மக்களாட்சியைக் காக்கும் போர் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பிச் சென்றவர்களில் 116,000க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தனர். இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஐரோப்பாவில் மீண்டும் சர்வாதிகாரிகள் தலைதூக்கினர். அப்படியென்றால் அத்தனை உயிர்களும் எதற்காகப் போயின என்று மக்கள் கேட்டனர். உள்நாட்டில் வறுமை இருக்க, வெளிநாட்டுக்குச் செல்வத்தையும் பிள்ளைகளையும் அனுப்பலாமா என்றும் வினவினர். நாட்டின் இரு பக்கமும் இருக்கும் பெருங்கடல்களே நமக்கு அரண் என்று நம்பினர்.

இதன் விளைவாக, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம் 1935 முதல் நடுநிலைமைச் சட்டங்களை இயற்றியது. போரிடும் நாடுகளுக்கு அமெரிக்கா ஆயுதம் விற்கக்கூடாது என்பது அவற்றின் முக்கிய விதி. அச்சட்டங்கள் அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைத்தன. ரூஸ்வெல்ட் அவற்றை முழு மனத்துடன் விரும்பாவிட்டாலும் கையொப்பமிட்டார். 1937ஆம் ஆண்டு அக்டோபரில் சிக்காகோ நகரில் பேசியபோது, தொற்றுநோய் கண்டவரைத் தனிமைப்படுத்துவதைப் போல் ஆக்கிரமிப்பு நாடுகளை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும் என்று கருத்துரைத்தார். அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் பின்வாங்கினார்.

அக்காலத்தின் வேதனை மிக்க நிகழ்ச்சி ஒன்று 1939இல் நடந்தது. ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சிய 900க்கும் மேற்பட்ட யூத அகதிகள் செயின்ட் லூயிஸ் எனும் கப்பலில் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்தனர். கியூபா நாடு அவர்களுள் ஒரு சிலரைத் தவிர மற்றவர்களை ஏற்க மறுத்தது. கப்பல் அமெரிக்காவின் புளோரிடா கரையோரமாகச் சென்றது. கரையின் விளக்கொளி கண்ணுக்குத் தெரியும் தூரம் அது. ஆயினும், அமெரிக்காவும் அவர்களை அனுமதிக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பின்னாளில் அப்பயணிகளுள் 250க்கும் மேற்பட்டோர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டனர். கதவைச் சாத்திக்கொண்ட நாடு போரைத் தவிர்த்திருக்கலாம். ஆனால், அதன் விலையைக் கதவுக்கு வெளியே நின்றவர்கள் கொடுத்தனர்.

குழாயைக் கொடுத்தவர்

1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஜெர்மனி போலந்தைத் தாக்கியது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 ஜூன் மாதம் பிரான்சு வீழ்ந்தது. ஹிட்லரை எதிர்த்துப் பிரிட்டன் ஏறத்தாழத் தனித்து நின்றது. ரூஸ்வெல்ட் இருதலைக்கொள்ளி எறும்பு போலத் தவித்தார். பிரிட்டன் வீழ்ந்தால் அடுத்து அமெரிக்காவுக்கே ஆபத்து என்பது அவருடைய கணிப்பு. ஆனால், மக்களாட்சியில் அதிபர் ஒருவர் நினைத்தால் மட்டும் போதாது; மக்களின் இசைவும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். சர்வாதிகாரி ஓர் இரவில் எடுக்கும் முடிவை எட்டுவதற்கு அவருக்கு மாதக்கணக்கில் ஆனது.

எனவே, அவர் படிப்படியாக முன்னேறினார். 1940 செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பல்களைப் பிரிட்டனுக்குத் தந்து, அதற்கு ஈடாகக் கடற்படைத் தளங்களைக் குத்தகைக்குப் பெற்றார். அதே மாதத்தில்தான் முதலில் அமெரிக்கா எனும் பொருள் தரும் பெயருடன் ஓர் இயக்கம் தோன்றியது. அட்லாண்டிக் கடலைத் தனியாளாக விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க் அதன் முன்னணிப் பேச்சாளரானார். அமெரிக்கா தன் எல்லைகளை மட்டும் காத்துக்கொள்ள வேண்டும் என்று அவ்வியக்கம் முழங்கியது. நாடே இரு பிரிவாக நின்று வாதிட்டது.

அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டனின் கையில் ஆயுதம் வாங்கப் போதிய பணம் இல்லாமல் போனது. அப்போதுதான் ரூஸ்வெல்ட் அந்தக் குழாய் எடுத்துக்காட்டைக் கூறினார். சில நாள்களுக்குப் பின், 1941 ஜனவரி 6ஆம் நாள் நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, உலகெங்கும் மனிதர்க்கு நான்கு சுதந்திரங்கள் வேண்டும் என்று வலியுறுத்தினார். கருத்தைச் சொல்லும் சுதந்திரம், விரும்பிய முறையில் வழிபடும் சுதந்திரம், வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை ஆகியவையே அவை.

1941 மார்ச் மாதம் கடன் குத்தகைச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி, போர் முடியும் வரையில் அமெரிக்கா 30க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏறத்தாழ 50 பில்லியன் டாலர் மதிப்புள்ள உணவு, எரிபொருள், வாகனங்கள், ஆயுதங்கள் முதலியவற்றை வழங்கியது. எனினும், மக்களின் தயக்கம் முற்றாக நீங்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், கட்டாய இராணுவச் சேவையில் சேர்க்கப்பட்டவர்களின் சேவைக் காலத்தை நீட்டிக்கும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கு வேறுபாடு!

இக்காலத்தில் ரூஸ்வெல்ட் எல்லா வேளையிலும் நேர்வழியில் நடந்தார் என்று கூற இயலாது. 1941 செப்டம்பரில் கிரீர் எனும் அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியதாக அவர் மக்களிடம் தெரிவித்தார். ஆனால், கிரீர் அந்த நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து சென்றதையும் அதன்மீது பிரிட்டிஷ் விமானம் ஒன்று முன்னதாகவே குண்டு வீசியதையும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். நல்ல நோக்கத்திற்காகவே என்றாலும், மக்களின் இசைவைப் பெற வேண்டிய தலைவர் அவர்களிடம் முழு உண்மையை மறைக்கலாமா என்ற கேள்வியை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எழுப்புகின்றனர்.

போர் வாசலுக்கு வந்தது

ஆசியாவிலும் நெருக்கடி முற்றியது. ஜப்பான் தென் இந்தோசீனாவைக் கைப்பற்றியதும், ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் 1941இன் நடுப்பகுதியில் ஜப்பானின் சொத்துகளை முடக்கியது. எண்ணெய் விநியோகமும் தடைபட்டது. எண்ணெயும் ரப்பரும் ஈயமும் நிறைந்த தென்கிழக்காசியாவைக் கைப்பற்ற ஜப்பான் முடிவு செய்தது. தனக்குத் தடையாக இருக்கும் அமெரிக்கக் கடற்படையை முதலில் முடக்கவும் திட்டமிட்டது.

1941 டிசம்பர் 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹவாய்த் தீவுகளில் உள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்தனர். ஏறத்தாழ அதே நேரத்தில், நம் வட்டாரத்தின் கணக்கில் டிசம்பர் 8ஆம் நாள் அதிகாலையில், ஜப்பானியப் படை கோத்தா பாரு கடற்கரையில் இறங்கியது. சிங்கப்பூர் மீதும் குண்டுகள் விழுந்தன. நம் தாத்தா பாட்டியர், பூட்டன் பூட்டியர் காலத்து மக்கள் அனுபவித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தின் தொடக்கம் அதுவே. பெருங்கடல்கள் எவருக்கும் அரணாக அமையவில்லை.

மறுநாளே அமெரிக்கா ஜப்பான் மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. மூன்று நாள் கழித்து ஜெர்மனி அமெரிக்கா மீது போர் தொடுத்தது. அதன்பின் நடந்த போரில் 400,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர்.

வீட்டுக்குள் நேர்ந்த தவறு

அண்டை வீட்டுத் தீயை அணைக்கச் சென்றவர் தம் வீட்டில் நடப்பதையும் கவனிக்க வேண்டும் அல்லவா? இந்த இடத்தில்தான் ரூஸ்வெல்ட் பெருந்தவறு செய்தார். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு நான்கு நாள்களுக்குப் பின் அவர் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அவ்வாணையின்படி அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 120,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, தோட்டம் அனைத்தையும் விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் எந்தக் குற்றமும் செய்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. அச்சத்திலிருந்து விடுதலை வேண்டும் என்று உலகுக்கு எடுத்துரைத்தவரின் நாட்டிலேயே, முகத் தோற்றத்தைக் கண்டு அண்டை அயலாரே அஞ்சும் நிலை உருவானது. 1988இல்தான் அமெரிக்க அரசாங்கம் அதற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடு வழங்க முன்வந்தது.

கறுப்பின மக்களின் நிலையும் வேதனைக்குரியதாகவே இருந்தது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாடு கூடாது என்று ரூஸ்வெல்ட் 1941இல் ஆணையிட்டார். ஆயினும், சுதந்திரத்திற்காகப் போரிட்ட இராணுவத்திலேயே வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் பிரிவுகளாகவே வைக்கப்பட்டனர்.

குடியேற்ற நாடுகளின் கேள்வியும் எழுந்தது. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டனர். எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்று அது கூறியது. அது முதன்மையாக நாஜிகளின் பிடியில் சிக்கிய நாடுகளைப் பற்றியது என்று சர்ச்சில் விளக்கமளித்தார். உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்றார் ரூஸ்வெல்ட். 1942 ஜூலையில் காந்தியடிகள் ரூஸ்வெல்ட்டுக்கு மடல் எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும் வரையிலும், அமெரிக்காவிலேயே கறுப்பினத்தவரின் பிரச்சினை தீராத வரையிலும், நேச நாடுகளின் சுதந்திர முழக்கம் உள்ளீடற்றதாகவே ஒலிக்கும் என்பது அம்மடலின் கருத்து. இந்தியாவைப் பற்றி ரூஸ்வெல்ட் சர்ச்சிலிடம் வற்புறுத்திப் பார்த்தார். ஆனால், போர்க்கால நட்பு முறிந்துவிடக்கூடாது என்று அதற்கு மேல் செல்லவில்லை.

நிறைவுபெறாத ஓவியம்

போர் முடிந்த பின்னரும் அமைதி நிலைக்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட் விரும்பினார். ஒரு நாடு மட்டும் உலகின் காவலனாக இருக்க இயலாது. நாடுகள் கூடிப் பேச ஒரு பொது மன்றம் வேண்டும் என்று கருதினார். முன்பு உலக நாடுகள் சங்கத்தில் அமெரிக்கா சேராமல் போனதை அவர் மறக்கவில்லை. எனவே, இம்முறை எதிர்க்கட்சியினரையும் தொடக்கத்திலிருந்தே அரவணைத்துக்கொண்டார். 1945 பிப்ரவரியில் நோயுற்ற உடலோடு யால்டா மாநாட்டிற்குச் சென்றார். போலந்தில் சுதந்திரமான தேர்தல் நடத்தப்படும் என்ற வாக்குறுதி அங்கு அளிக்கப்பட்டது. சோவியத் தலைவர் ஸ்டாலின் அவ்வாக்குறுதியைக் காப்பாற்றவில்லை. எந்த நாட்டின் சுதந்திரத்திற்காகப் போர் தொடங்கியதோ, அந்நாட்டுக்கே போரின் முடிவில் அது முழுமையாகக் கிட்டவில்லை.

1945 ஏப்ரல் 12ஆம் நாள், வாம் ஸ்பிரிங்ஸில் ஓவியர் ஒருவர் ரூஸ்வெல்ட்டின் உருவத்தை வரைந்துகொண்டிருந்தார். ரூஸ்வெல்ட் திடீரெனத் தலைவலியால் துடித்துச் சாய்ந்தார். மூளையில் ஏற்பட்ட இரத்தக் கசிவால் அன்றே காலமானார். அப்போது அவருக்கு வயது 63. நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே அமெரிக்கர் அவர். அந்த ஓவியம் நிறைவுபெறாமலேயே இருக்கிறது.

அவர் மறைந்த இரு வாரங்களுக்குள், சான் பிரான்சிஸ்கோ நகரில் உலக நாடுகளின் பேராளர்கள் கூடி ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தை உருவாக்கத் தொடங்கினர். எலினோர் அம்மையார் தலைமை வகித்த ஆணையத்தின் உழைப்பால் உருவான அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கணவர் கூறிய நான்கு சுதந்திரங்களும் அதன் முகவுரையில் இடம்பெற்றன. 1957இல் மலாயாவும் 1965இல் சிங்கப்பூரும் சுதந்திர நாடுகளாக அச்சபையில் இடம்பெற்றன.

வலிமை மிக்க மக்களாட்சி நாடு அயல்நாட்டின் சுதந்திரத்தைக் காக்கத் தொடர்ந்து துணை நிற்க வேண்டுமா? இக்கேள்விக்கு ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கை எளிய விடை எதையும் தரவில்லை. தீயைக் கண்டும் கதவைச் சாத்திக்கொண்டால், செயின்ட் லூயிஸ் கப்பலில் வந்தவர்களைப் போன்றோர் அழிவர். தீ நம் வீட்டுக்கும் வந்து சேரும். அதே வேளையில், உதவச் செல்லும் நாடு தன் மக்களின் இசைவோடு செல்ல வேண்டும். அவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். வெளியே காக்கப் புறப்பட்ட சுதந்திரத்தைத் தன் வீட்டில் இருக்கும் எளியவருக்கு மறுக்கக்கூடாது. ரூஸ்வெல்ட் முதலாவதைத் துணிவுடன் செய்தார். மற்றவற்றில் சில இடங்களில் வென்றார். சில இடங்களில் தவறினார். அவரைப் பற்றிப் படிக்கும் நாம் அந்த வெற்றிகளையும் தவறுகளையும் சேர்த்தே நினைவில் கொள்வோம்.